போரானைக் கணக்கோடு நிறுத்த வேண்டாம்

கலை அறிவியல் கல்லூரிகளில் கனிம வேதியியல் நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு,



முதுகலை வகுப்பில் போரான் ஹைட்ரைடுகள் வந்தால் நம்மில் பெரும்பாலோர் ஒரே தடத்தில்தான் போகிறோம். டைபோரேனின் மூன்று மைய இரு எலக்ட்ரான் பிணைப்பு, லிப்ஸ்கோம்பின் ஸ்டிக்ஸ் எண்கள், வேட் விதி, க்ளோசோ, நிடோ, அராக்னோ. நெட் தேர்வுக்கும் செட் தேர்வுக்கும் அது போதும். மாணவர்கள் எலக்ட்ரான்களை விரல்விட்டு எண்ணி, ‘இது நிடோ’ என்று நொடியில் சொல்லிவிடுகிறார்கள். அதே மாணவரிடம், “உன்னிடம் டெக்காபோரேன் இருக்கிறது. அதன் ஒரே ஒரு போரானில் மட்டும் ஒரு கார்பன் சங்கிலியைச் சேர்க்க வேண்டும். என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அது அவர்கள் குற்றமில்லை. செய்யும் வழியை நாம் நடத்தவே இல்லை.

அந்த வழியின் பெரும்பகுதி வினையூக்கிகளால் திறந்தது. போரான் பாடத்தில் அதற்கு இடம் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் ஆல்ஃபிரெட் ஸ்டாக்கிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரம் அன்று ஜெர்மனியின் பிரெஸ்லாவாக இருந்தபோது, 1909 வாக்கில் அவர் போரான் ஹைட்ரைடுகளில் இறங்கினார். மக்னீசியம் போரைடின் மீது அமிலம் ஊற்றினால் கிளம்பும் வாயுக் கலவைதான் அவருடைய மூலப்பொருள். கலவையில் பாதி காற்றுப் பட்டால் எரியும், மீதி ஈரம் பட்டால் சிதையும். அதைப் பிரிப்பதற்காகவே காற்றுப் புகாத கண்ணாடி வெற்றிடக் குழாய் அமைப்பையும் பாதரச வால்வுகளையும் அவர் உருவாக்கினார். டைபோரேன், டெட்ராபோரேன், பென்டாபோரேன், டெக்காபோரேன் எல்லாம் அந்தக் குழாய்களில்தான் முதன்முதலாகத் தனித்தனியே பிரிந்தன. விளைச்சல் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வால்வுகளிலிருந்து கசிந்த பாதரச ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து நினைவாற்றலும் உடல்நலமும் குலைந்தார். 1926-இல் பாதரச ஆவியின் ஆபத்தை எச்சரித்து அவர் எழுதிய கட்டுரை, சோதனைக்கூடப் பாதுகாப்பைப் பற்றி இன்றும் படிக்க வேண்டிய ஒன்று.

ஸ்டாக் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1933-இல் நூலாயின. 1936-இல் ஹெர்பர்ட் பிரவுன் என்ற இளைஞர் பட்டம் பெற்றபோது, பின்னாளில் அவர் மனைவியான சாரா அந்த நூலைத்தான் பரிசாகக் கொடுத்தார். கடையில் இருந்த வேதியியல் நூல்களிலேயே விலை குறைந்தது அதுதான் என்று பிரவுனே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தப் பரிசுதான் அவரை போரானுக்குக் கொண்டுவந்தது. ஷ்லெசிங்கருடன் சேர்ந்து சோடியம் போரோஹைட்ரைடு, பிறகு 1956-இல் ஹைட்ரோபோரேற்றம், 1979-இல் நோபல் பரிசு. இந்தக் கதையை நாம் வகுப்பில் சொல்கிறோம். சொல்லாமல் விடுவது, இதே வெற்றிதான் கனிமப் பக்கத்தில் வினையூக்கியின் வருகையைத் தாமதப்படுத்தியது என்பதை. பிரவுனின் வினைக்கு வினையூக்கியே தேவைப்படவில்லை. டைபோரேன் ஆல்கீனைக் கண்டதும் தானே சேர்ந்துகொள்கிறது. போரான்–ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

பெரிய போரேன்கள் அப்படி இல்லை. டெக்காபோரேனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து போரான் அணுக்கள் வாய் திறந்த கூடைபோல அமைந்தவை. பதினான்கு ஹைட்ரஜன்களில் நான்கு அந்தக் கூடையின் விளிம்பில் பாலமாக நிற்கின்றன. ஆல்கீனோடு சும்மா வைத்தால் பெரிதாக எதுவும் நடக்காது. அசெட்டோநைட்ரைல் போன்ற லூயிஸ் காரத்தைச் சேர்த்து அசெட்டிலீனைச் செலுத்தினால் இரண்டு கார்பனும் கூட்டுக்குள்ளேயே போய் ஆர்த்தோ கார்போரேன் ஆகிவிடும். 1963-இல் வெளிவந்த அந்த வினை அருமையானதுதான். ஆனால் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே ஒரு சங்கிலியை மட்டும் கட்ட அது உதவாது. மற்றபடி கையில் இருந்த கருவி சூடுதான். டைபோரேனைச் சூடாக்கினால் பென்டாபோரேனும் டெக்காபோரேனும் இன்னும் பலவும் கலந்து வரும். 1950-களில் அமெரிக்க விமானப்படை ‘ஜிப்’ எரிபொருள் என்று போரேன்களைப் பெரும் செலவில் தயாரித்தபோதும் அடிப்படை முறை அதுவேதான். 1959-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சியது டெக்காபோரேன் இருப்பு. பின்னாளில் ஆய்வுக்கூடங்கள் பல அதைக் கொண்டுதான் வேலை செய்தன.

சூட்டின் குறை என்ன என்பதை மாணவருக்கு நிதானமாக விளக்க வேண்டும். ஒரு போரேன் கூட்டில் உள்ள போரான்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் வலிமையில் பெரிய வேறுபாடு கிடையாது. வெப்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தட்டும். அதனால் கலவை. வினையூக்கி செய்வது வேறு. ஒரு குறிப்பிட்ட பிணைப்பு உலோகத்தின் மேல் அமர்கிறது, பிளக்கிறது, பக்கத்தில் காத்திருக்கும் ஆல்கீனோடு சேர்கிறது, விலகுகிறது. கிளர்வு ஆற்றல் குறைகிறது என்ற ஒரு வரியை மட்டும் நடத்தி முடித்தால், எந்தப் பிணைப்பு என்று தேர்ந்தெடுக்கும் திறனை மாணவர் பார்க்காமலே போய்விடுவார்.

இன்னொரு தடையும் இருந்தது. போரேன் கூடு உலோகத்தை விழுங்கும். ஓர் உலோக அணைவை டெக்காபோரேனோடு சேர்த்தால், உலோகம் கூட்டின் ஒரு முனையாக உள்ளே அமர்ந்து மெட்டலாபோரேன் ஆகிவிடலாம். ஹாதோர்ன் 1965-இல் தொடங்கிவைத்த மெட்டலாகார்போரேன்களின் அழகே உலோகம் கூட்டில் உறுதியாகப் பிடிபடுவதுதான். வினையூக்கிக்கோ பிடிபடாமல் இருப்பதே உயிர். வேலையை முடித்துவிட்டு வெளியே வர வேண்டும், இல்லையென்றால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும்.

இந்த இரண்டு தடைகளையும் தாண்டிக் காட்டியவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரி ஸ்னெடன். 1980-களின் தொடக்கத்தில் அவரும் மாணவர்களும் இரிடியத்தின் வாஸ்கா அணைவைக் கொண்டு பென்டாபோரேனையும் அல்கைனையும் இணைத்தார்கள். ஒருபடித்தான வினையூக்கம் நடத்தும்போது நாம் கரும்பலகையில் எழுதும் அதே வாஸ்கா அணைவுதான். ஆக்சிஜனேற்றச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போரான் வகுப்பும் அணைவு வகுப்பும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

அடுத்து பிளாட்டினம் புரோமைடு. அதன் முன்னிலையில் இரண்டு பென்டாபோரேன் மூலக்கூறுகள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, போரான்–போரான் பிணைப்பால் இணைந்தன. துணை விளைபொருள் ஹைட்ரஜன் மட்டுமே. 1990-களின் தொடக்கத்தில் இதே பிளாட்டினம் சேர்மங்கள் டெக்காபோரேனையும் ஆல்கீனையும் இணைக்கப் பயன்பட்டன. கூடையின் விளிம்பில் எதிரெதிரே இருக்கும் ஆறாம், ஒன்பதாம் போரான் அணுக்கள் இரண்டிலும் சங்கிலி ஏறியது. ஒன்றில் மட்டும் ஏற்றி நிறுத்த முடியவில்லை.

1998-இல் அதற்கும் வழி பிறந்தது. உலோகத்தை மாற்றினார்கள். இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையங்களும் இரண்டு கார்பன் மோனாக்சைடும் கொண்ட டைட்டானியம் அணைவை வினையூக்கியாகப் போட்டபோது, ஆறாம் போரானில் மட்டும் சங்கிலி ஏறி வினை நின்றது. விளைச்சலும் நன்றாக இருந்தது. அதே டெக்காபோரேன், அதே ஆல்கீன். பிளாட்டினம் போட்டால் இரண்டு இடம், டைட்டானியம் போட்டால் ஓர் இடம். முதலில் டைட்டானியத்தால் ஒரு சங்கிலியை ஏற்றி, பிறகு பிளாட்டினத்தால் வேறொரு சங்கிலியை மறுபக்கம் ஏற்றவும் முடிந்தது. தொடக்கத்தில் மாணவரிடம் கேட்கச் சொன்ன கேள்விக்கு இதுதான் பதில். வினையூக்கியின் தேர்வுத்திறன் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான பாடம் கனிம வேதியியலில் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்கலாம்.

சங்கிலி ஏற்றி என்ன பயன் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். வரட்டும். சங்கிலியின் இரு முனையிலும் இரட்டைப் பிணைப்பு உள்ள ஹெக்சாடையீனை இதே டைட்டானியம் முறையில் பயன்படுத்தினால், ஆறு கார்பன் நீளத்தில் இரண்டு டெக்காபோரேன்கள் கோக்கப்பட்ட மூலக்கூறு கிடைக்கிறது. அதை அலுமினாவின் நுண்துளைகளில் உருக்கி ஊற்றி, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் போரான் கார்பைடு இழைகள் கிடைக்கின்றன. வழக்கமான முறையில் போரான் ஆக்சைடையும் கரியையும் மின்வில் உலையில் இதைவிட மிக அதிக வெப்பத்தில் வறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் போரானில் ஒரு பங்கு ஆக்சைடு ஆவியாகப் பறந்துவிடும். கிடைக்கும் கட்டியை உடைத்து அரைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், இழையாக இழுக்க முடியாது. ரோடியம் வினையூக்கியால் போரசீனில் வினைல் தொகுதியை ஏற்றி, அதைப் பலபடியாக்கி, போரான் நைட்ரைடுக்கு மூலமாக்கியதும் இதே குழுவின் வேலை.

போரான் கார்பைடு நமக்குத் தொலைதூரப் பொருளும் இல்லை. கல்பாக்கத்தின் வேக ஈனுலைக் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்குள் இருப்பது போரான்-10 செறிவூட்டப்பட்ட போரான் கார்பைடு. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்குதான் போரான்-10. அதைப் பிரித்தெடுப்பது நீண்ட, செலவு பிடிக்கும் வேலை. அப்படிச் சேர்த்த போரானில் ஒவ்வொரு கிராமும் வீணாகாமல் சேர்மமாக வேண்டும் என்னும்போது, விளைச்சல் என்ற சொல்லின் கனம் மாணவருக்குப் புரியும்.

போரான்–போரான் பிணைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுசூகி இணைப்புக்கு வேண்டிய டைபோரான் சேர்மங்கள் இன்று கரிம ஆய்வுக்கூடம் எதிலும் இருக்கும். அவற்றுக்கான பழைய பாதை, டைமெத்திலமினோ தொகுதிகள் கொண்ட போரான் குளோரைடை உருகிய சோடியத்தோடு கொதிக்க வைப்பது. சோடியம் கழிவு, உப்புக் கழிவு, தீ ஆபத்து எல்லாம் சேர்ந்து வரும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பிரவுன்ஷ்வைக் குழு 2011-இல், பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்டு இரண்டு கேட்டகால்போரேன்களிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் கழற்றி நேரடியாக டைபோரான் சேர்மத்தை உண்டாக்கியது. ஸ்னெடனின் பென்டாபோரேன் வினையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கால் நூற்றாண்டு இடைவெளி, அதே உலோகம், அதே தத்துவம். பழைய கட்டுரைகளை மாணவருக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இனி, நம் கல்லூரியிலேயே செய்யக்கூடிய பகுதிக்கு வருகிறேன். டெக்காபோரேனும் பென்டாபோரேனும் நரம்பைத் தாக்கும் நஞ்சுகள். பென்டாபோரேன் காற்றில் தானே பற்றும். உரிய வசதி இல்லாத கூடத்தில் அவற்றை நினைக்கவே கூடாது. சோடியம் போரோஹைட்ரைடு அப்படியல்ல. கரிமச் செய்முறை வகுப்புக்காக நம் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் குப்பிதான்.

சோடியம் ஹைட்ராக்சைடு சிறிது கரைத்த நீரில் 30 மில்லிகிராம் போரோஹைட்ரைடைக் கரையுங்கள். காரத்தில் அது அமைதியாக இருக்கும். எங்கோ ஓரிரு குமிழி தெரியலாம். குடுவையிலிருந்து வரும் குழாயை, தண்ணீரில் கவிழ்த்த 100 மில்லி மெஷரிங் ஜாருக்குள் விட்டுவையுங்கள். பிறகு கோபால்ட் குளோரைடு கரைசல் சில துளிகள். இளஞ்சிவப்பு நிறம் விழுந்த இடத்திலேயே மறைந்து, கருமை புகைபோலப் பரவும். அடுத்த கணம் கரைசல் நுரைத்துப் பொங்கும். ஜாரில் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கும். வினை முடியும்போது 75 முதல் 80 மில்லி வரை ஹைட்ரஜன் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மோல் போரோஹைட்ரைடுக்கு நான்கு மோல் ஹைட்ரஜன் என்ற கணக்கை மாணவர் தாமே சரிபார்க்கலாம். குடுவையைச் சுற்றி எந்தச் சுடரும் இருக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கோபால்ட் நச்சு என்பதால் மீதியைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேர்த்துவையுங்கள்.

இங்கே பாடம் தொடங்குகிறது. அடியில் படிந்த கறுப்புத் தூள் கோபால்டும் போரானும் சேர்ந்த பொருள். கோபால்ட் போரைடு என்று சுருக்கமாகச் சொல்கிறோம். தெளிந்த நீரை வடித்துவிட்டு அந்தத் தூளின் மேல் புதிதாகக் காரப் போரோஹைட்ரைடு கரைசலை ஊற்றுங்கள், மறுபடியும் நுரைக்கும். அப்படியானால் வேலை செய்தது யார், நாம் போட்ட உப்பா, அது மாறி உண்டான தூளா? போட்டது கரையும் பொருள், வேலை செய்வது கரையாத பொருள். ஒருபடித்தான வினையூக்கம், பலபடித்தான வினையூக்கம் என்று தேர்வுக்கு வேறுபாடு எழுதிய மாணவர், அந்தக் கோடு எவ்வளவு எளிதில் தாண்டப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறார்.

பெரிய ஆய்வுக்கூடங்களும் இதே கேள்வியோடு போராடியிருக்கின்றன. அமீன்–போரேன்களிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றி போரான்–நைட்ரஜன் வளையங்களையும் சங்கிலிகளையும் உண்டாக்க இயன் மேனர்ஸ் குழு ரோடியம் சேர்மங்களைப் பயன்படுத்தியது. ரோடியத்தைப் போட்டதும் வினை தொடங்கவில்லை. சற்று நேரம் எதுவும் நடக்காமல் இருந்து, கரைசல் கறுத்த பிறகே வேகம் பிடித்தது. கூழ்ம நிலை உலோகம்தான் உண்மையான வினையூக்கியோ என்ற ஐயம் எழுந்தது. பாதரசம் சேர்த்துப் பார்த்தார்கள். பாதரசம் உலோகத் துகள்களின் மேற்பரப்பைப் பற்றி அவற்றைச் செயலிழக்க வைக்கும். வினை நின்றது. ஆனால் அமீனுக்குப் பதில் பாஸ்பீன் உள்ள போரேன்களில் பாதரசம் எதையும் நிறுத்தவில்லை. அங்கே கரைந்த அணைவே வேலை செய்தது. ஒரே உலோகம், மூலப்பொருளில் ஓர் அணுவின் வேறுபாடு, வினை நடக்கும் விதமே மாறிவிட்டது. 2004-இல் வெளிவந்த இந்தச் சான்றுகளை, முடிவை மறைத்துவிட்டு முதுகலை மாணவர்களிடம் கொடுத்து, அவர்களையே முடிவுக்கு வரச் சொல்லலாம். எடையில் ஏறத்தாழ 19.6 விழுக்காடு ஹைட்ரஜன் கொண்ட அம்மோனியா போரேனை, 2006-இல் கோல்ட்பெர்க்கும் ஹைனிக்கியும் இரிடியம் அணைவு ஒன்றால் அறை வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் வினைபுரிய வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வினையூக்கி என்றால் விலை உயர்ந்த உலோகம் என்ற எண்ணத்தையும் உடைக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வென்டார்ஃப் 1957-இல் கனசதுர போரான் நைட்ரைடை உண்டாக்கியபோது, செயற்கை வைரத்துக்கு உதவிய இரும்பும் நிக்கலும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கார உலோகங்களும் காரமண் உலோகங்களும் அவற்றின் நைட்ரைடுகளுமே வழிவிட்டன. கோவைப் பட்டறைகளில் கடினப்படுத்திய எஃகைச் சாணை பிடிக்கும் ‘சிபிஎன்’ சக்கரத்தின் பின்னணி அதுதான். அங்கு வேலை செய்யும் அப்பாவோ அண்ணனோ நம் மாணவர் சிலருக்கு இருக்கக்கூடும்.

ஆய்வுக்குப் போக விரும்பும் மாணவருக்கு வாசலும் தொலைவில் இல்லை. சென்னை ஐஐடியில் சுந்தர்கோபால் கோஷ் குழு மெட்டலாபோரேன்களில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. வேட் விதியை இணைந்த கூடுகளுக்கும் விரித்து எம்என்ஓ விதியைத் தந்த ஜெம்மிஸ் நம் அண்டை மாநிலமான கேரளத்தவர். தென்னிந்தியாவிலிருந்தே உலகத் தரமான போரான் வேதியியல் வந்திருக்கிறது என்று தெரிந்தால் மாணவர் நிமிர்ந்து உட்காருவார்.

எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தூக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது தெரியாமல் டெக்காபோரேனின் ஆறாம் போரான் ஏன் தனித்து நிற்கிறது என்று விளங்காது. ஆனால் கூட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது, அதைக் கொண்டு ஒன்றைச் செய்வதற்காக. நம் வினாத்தாள்களில் ‘எந்த வகைக் கூடு?’ என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. ‘எப்படித் தயாரிப்பாய், எந்த வினையூக்கி, ஏன்?’ என்ற கேள்வியைக் காண்பது அரிது. கேட்காததை நாம் நடத்துவதில்லை, நடத்தாததை அவர்கள் படிப்பதில்லை.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த திருத்தத்தில் போரான் பாடத்துக்கு மூன்று மணி நேரம் கூட்டுங்கள். ஒன்றை டைட்டானியம்–பிளாட்டினம் ஒப்பீட்டுக்கும், ஒன்றை ஹைட்ரஜன் கழற்றி இணைக்கும் வினைகளுக்கும், மற்றொன்றை மேலே சொன்ன கோபால்ட் சோதனைக்கும் கொடுங்கள். குழுவில் இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கோபால்ட் குளோரைடும் போரோஹைட்ரைடும் அலமாரியில் இருக்கின்றன. இந்தப் பருவத்திலேயே செய்து காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு கனிம வேதியியல் ஆசிரியர்